தண்டனைக்கு முந்தைய இரவில் வந்த தலைவலி: மூளைக் கட்டியும் குற்றப் பொறுப்பும், ஒரு நிகழ்வு ஆய்வு

தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். வழக்கு முடியப்போகும் நேரத்தில் மருத்துவர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறுவார். பெரிய திரையில் மூளையின் ஸ்கேன் படம், அதில் ஓரிடம் மட்டும் சிவப்பாக ஒளிரும். "குற்றம் செய்தது இவரா, இவருடைய மூளையா?" என்று வழக்கறிஞர் கேட்பார். அத்தோடு வழக்கு தலைகீழாகிவிடும். அந்தக் காட்சிக்கு அடியில் இருக்கும் மருத்துவம் பொய்யில்லை. ஆனால் ஒரு படத்தை வைத்து முடிவு கட்டக்கூடிய விஷயமில்லை அது. எது எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, யார் பார்த்தார்கள் என்கிற நாள்வரிசைதான் இத்தகைய வழக்கில் கனமான சாட்சி.

அதைத் துலக்கமாகக் காட்டும் நிகழ்வு ஒன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2000 முதல் 2002 வரை நடந்தது. 2003-இல் நரம்பியல் மருத்துவர்கள் இருவர் அதை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். நோயாளியின் பெயர் அந்தக் கட்டுரையில் இல்லை, இங்கும் இல்லை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் இதில் வருகிறது. ஆய்வுக்குத் தேவையான அளவுக்கு மேல் அதை விவரிக்கவில்லை.

பின்னணி

40 வயது ஆண், வலது கைப் பழக்கம் உள்ளவர், பள்ளி ஆசிரியர். இரண்டாவது திருமணம். மனைவியின் மகள், இன்னும் பருவமடையாத சிறுமி, அதே வீட்டில் வளர்ந்து வந்தாள்.

மருத்துவ வரலாற்றில் ஒரு செய்தி கண்ணில் படும். பல ஆண்டுகளுக்கு முன் தலையில் அடிபட்டு 2 நிமிடம் நினைவிழந்திருக்கிறார். கதை எழுதுகிறவர் கை உடனே இதைத்தான் பற்றும். ஆனால் நினைவிழப்பு 30 நிமிடத்துக்குள் முடிந்தால் அது லேசான தலைக்காயம் என்ற வகையில் வரும். அடிபட்ட பிறகு இவரிடம் நரம்பியல் குறை எதுவும் தென்படவில்லை. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வேலை பார்த்தார், குடும்பம் நடத்தினார். காயத்துக்கும் நடத்தைக்கும் இடையே இவ்வளவு நீண்ட, மாற்றமில்லாத காலம் கிடந்தால் அந்தக் காயத்தின் மேல் பழியைப் போட முடியாது. பழைய தலைக்காயம் இருக்கிறது என்பதற்காக அதுவே காரணம் என்று எழுதுவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் எழுத வேண்டும். பதின்ம வயதிலிருந்தே இவருக்கு ஆபாசப் படங்களில் மிகுந்த நாட்டம் இருந்தது. குழந்தைகள் மீதான ஈர்ப்பு முன்பு இருந்ததில்லை என்று அவர் சொன்னார். அதாவது மூளையில் வந்த கட்டி ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாக ஒரு ஆசையை நட்டுவிட்டுப் போகவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்று எல்லை தாண்டிப் பெருகியது என்பதே மருத்துவர்களின் கணிப்பு. இதை விட்டுவிட்டுச் சொன்னால் இந்த நிகழ்வு பாதிப் பொய்யாகிவிடும்.

2000: மாற்றம் தெரிந்த விதம்

அந்த ஆண்டில் அவர் ஆபாசப் படங்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவற்றில் குழந்தைகள் தொடர்பானவையும் இருந்தன. மசாஜ் நிலையங்களில் பணம் கொடுத்து உறவு தேடினார். இவை அத்தனையையும் மிகுந்த பாடுபட்டு மறைத்தார். தவறு என்று தெரிந்ததால்தான் மறைத்தார் என்பதை அவரே பின்னர் மருத்துவர்களிடம் சொன்னார். தவறென்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, இன்பத்தின் இழுப்பு தன் கட்டுப்பாட்டை மீறிவிட்டது என்பதே அவர் கொடுத்த விளக்கம். இந்த இரண்டு வாக்கியங்களும் பின்னால் சட்டக் கேள்வி வரும்போது மறுபடி தேவைப்படும்.

பிறகு வளர்ப்பு மகளிடம் அத்துமீறினார். சிறுமி தாயிடம் சொன்னாள். இந்த நிகழ்வில் சரியான நேரத்தில் சரியான செயலைச் செய்த முதல் ஆள் அந்தக் குழந்தைதான். மூளையில் பின்னால் எது கண்டுபிடிக்கப்பட்டாலும், அவளுக்கு நடந்தது நடந்ததுதான். அதன் கனம் ஓர் அணுவும் குறையாது. மூளைக் காயத்தைப் பற்றிய பேச்சில் பாதிக்கப்பட்டவர் மெல்லக் காட்சியிலிருந்து நழுவிப் போவதுண்டு. ஆய்வு எழுதுகிறவர்கள் அதை விடக்கூடாது.

முதல் முடிவுகள்

சட்டப்படி அவர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். குழந்தைகள் மீதான பாலியல் ஈர்ப்பு என்ற மனநல நோயறிதல் எழுதப்பட்டது. ஆண்மைச் சுரப்பைத் தணிக்கும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் மருந்து தரப்பட்டது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. பாலியல் அடிமைத்தனத்துக்கான 12 படி மறுவாழ்வுத் திட்டத்தில் உள்நோயாளியாகச் சேர வேண்டும், இல்லையேல் சிறை என்று நீதிபதி இரண்டு வழி வைத்தார்.

அந்தக் கட்டத்தில் இந்த முடிவுகளைத் தவறு என்று சொல்ல முடியாது. குழந்தையை அவரிடமிருந்து பிரித்ததுதான் முதல் வேலை, அது நடந்தது. விடுபட்டது ஒன்றே ஒன்று. நாற்பது வயது வரை இல்லாத நடத்தை ஏன் நாற்பதாவது வயதில் தொடங்க வேண்டும் என்று யாரும் கேட்டதாகப் பதிவில் இல்லை. இத்தகைய பாலியல் ஈர்ப்புகள் பொதுவாக இளம் வயதிலேயே வேர்விடுபவை. நடுவயதில் முதன்முறையாகத் தலைகாட்டினால் அந்த வயதே ஓர் அறிகுறி.

சிறையைத் தவிர்க்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. ஆனாலும் மறுவாழ்வு மையத்தில் பணியாளர்களிடமும் அங்கு தங்கியிருந்த மற்றவர்களிடமும் பாலியல் கோரிக்கை வைத்தார். மையம் அவரை வெளியேற்றியது. இனிச் சிறைதான்.

தண்டனை நாளுக்கு முந்தைய மாலை

சிறைத்தண்டனை அறிவிக்கப்பட இருந்த நாளுக்கு முந்தைய மாலை அவர் தலைவலி என்று சொல்லிப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்தார். மறுநாள் சிறை, இன்று தலைவலி. நடிப்பு என்று நினைக்க இதைவிட வசதியான நேரம் கிடையாது. தற்கொலை எண்ணம் இருப்பதாகவும், தான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான பெண்ணைப் பலாத்காரம் செய்துவிடுவேனோ என்று அஞ்சுவதாகவும் சொன்னதால் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள்.

அடுத்த நாள் நடையில் தடுமாற்றம் இருப்பதாகச் சொன்னார். அப்போதுதான் நரம்பியல் மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். தலைவலியும் தற்கொலை எண்ணமும் மட்டும் இருந்திருந்தால் கதை மனநலப் பிரிவிலேயே முடிந்திருக்கும். கதையின் திசையை மாற்றியது அந்த நடைத் தடுமாற்றம்.

படுக்கையருகே கண்டவை

பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவக் குழுவிலிருந்த பெண்களிடம் பாலியல் கோரிக்கை வைத்தார். தன் உடையிலேயே சிறுநீர் போயிருந்தது. அதைப் பற்றிய கூச்சமோ கவலையோ அவரிடம் இல்லை. படித்த, வகுப்பில் நின்று பாடம் நடத்திப் பழகிய ஒருவர் ஈரத் துணியோடு அந்நியர்கள் முன் அமர்ந்திருக்கிறார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நடிப்பவர்கள் நினைவு போய்விட்டதென்று நடிப்பார்கள், குரல் கேட்கிறதென்று நடிப்பார்கள். கூச்சமின்மையை நடிப்பது கடினம். அது ஒரு நோய்க்குறி என்று பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்து தாளும் பேனாவும். கடிகாரம் வரையும் சோதனைக்கு ஒரு வெற்றுத்தாள் போதும். வட்டம் போட்டு எண்களை நிரப்பி, முட்களைப் பதினொன்று பத்துக்கு வைக்கச் சொல்வது வழக்கம். பதினொன்று பத்து என்பதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு காரணம் உண்டு. "பத்து" என்று காதில் விழுந்தவுடன் பெரிய முள்ளை 10-இன் மேல் வைத்துவிடும் உந்துதல் வரும். அதை அடக்கி 2-இன் மேல் வைக்க முன்மூளை வேலை செய்ய வேண்டும். இவரால் கடிகாரத்தைச் சரிவர வரைய முடியவில்லை. காட்டிய வடிவங்களைப் பார்த்து வரையவும் முடியவில்லை. கையெழுத்தும் குலைந்திருந்தது.

நடைத் தடுமாற்றம், சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பு, கூச்சமின்மை, வரையவும் எழுதவும் முடியாமை. இவற்றைத் தனித்தனியே பார்த்தால் எதற்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். நான்கையும் சேர்த்து வைத்தால் முன்மூளையைத் தவிர வேறிடத்தைக் காட்டுவது கடினம்.

படத்தில் தெரிந்தது

எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. மண்டையோட்டின் முன்பகுதி அடித்தளத்தில் ஒரு பெரிய கட்டி இருந்தது. வலது கண்குழிக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதியை அது நெருக்கித் தள்ளியிருந்தது. முட்டை அளவு என்று பிற்பாடு பத்திரிகைகள் எழுதின.

அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கண்குழியின் எலும்புக் கூரைமேல் படிந்திருக்கும் இந்த மேலுறை, கிடைக்கப்போகும் இன்பத்தையும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் சீர்தூக்கும் இடங்களில் ஒன்று. இது கெட்டால் அறிவு கெடாது. மொழி, நினைவாற்றல், கணக்கு, சட்டம் என்ன சொல்கிறது என்ற தெளிவு எல்லாம் இருக்கும். வழக்கமான நுண்ணறிவுத் தேர்வுகளில் இயல்பான மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். 30 மதிப்பெண்ணுக்கான எளிய மனநிலைத் தேர்வு பெரிதும் நினைவையும் மொழியையும் கவனத்தையும்தான் அளக்கிறது. அதில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டால் மூளை சரியாக இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். பல வழக்குகளில் தவறு தொடங்குவது அங்கேதான்.

இந்தப் பகுதிக்கென்றே 1994-இல் ஒரு சூதாட்டச் சோதனை வந்தது. மேசையில் நான்கு சீட்டுக்கட்டுகள், கையில் 2000 டாலர் விளையாட்டுப் பணம், மொத்தம் 100 முறை சீட்டெடுக்க வேண்டும். இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 100 டாலர் வரவு, ஆனால் இடையிடையே விழும் பெரிய இழப்பால் பத்துச் சீட்டுக்கு 250 டாலர் கையைவிட்டுப் போகும். மற்ற இரண்டில் வரவு 50 டாலர்தான், பத்துச் சீட்டின் முடிவில் 250 டாலர் லாபம் நிற்கும். சில பத்துச் சீட்டுகள் போனதும் இயல்பானவர்களின் கை நல்ல கட்டுகளின் பக்கம் நகரும். இப்பகுதி சேதமான பலர், எந்தக் கட்டு கெட்டது என்று வாயால் சொல்லத் தெரிந்த பிறகும், அதையே எடுத்துக்கொண்டிருப்பார்கள். தெரிவது ஒன்று, கை செய்வது வேறொன்று. இந்த ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொன்னதும் அதே வடிவத்தில் இருப்பதைக் கவனிக்கலாம்.

அறுவையும் அதன் விளைவும்

2000 டிசம்பரில் கட்டி அகற்றப்பட்டது. ஆய்வகத்தில் அது ஹெமாஞ்ஜியோபெரிசைட்டோமா என்று தெரிந்தது. மூளையுறைகளைச் சார்ந்து வளரும் அரிய வகை. அறுத்தெடுத்தாலும் மீண்டும் முளைக்கும் குணம் உடையது.

நடை சீரானது. சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பியது. வரையும் திறனும் திரும்பியது. முன்பு வெளியேற்றப்பட்டவர், இம்முறை பாலியல் அடிமைத்தனத்துக்கான மறுவாழ்வுத் திட்டத்தை முழுமையாக முடித்தார். அறுவைக்குப் பின் ஏழு மாதம் கழித்து, சிறுமிக்கு அவரால் ஆபத்தில்லை என்று மதிப்பிடப்பட்டு வீடு திரும்பினார்.

இதோடு நின்றிருந்தால் இந்த நிகழ்வுக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்காது. சிறைப் பயம் மாற்றியது எனலாம். இரண்டாம் முறை மறுவாழ்வுத் திட்டம் பலித்தது எனலாம். மரணத்தின் விளிம்புக்குப் போய் வந்தவர் திருந்தினார் எனலாம். எல்லாமே ஏற்கத்தக்க எதிர்வாதங்கள்.

2001 அக்டோபர்: மீண்டும்

அறுவைக்குப் பத்து மாதம் கழித்து விடாத தலைவலி தொடங்கியது. கூடவே, யாருக்கும் தெரியாமல் ஆபாசப் படங்களை மறுபடி சேர்க்கத் தொடங்கினார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது கட்டி திரும்ப வளர்ந்திருந்தது. 2002-இல் மறுபடி அறுவை செய்து அகற்றினார்கள்.

கட்டி வந்தது, நடத்தை வந்தது. கட்டி போனது, நடத்தை போனது. கட்டி திரும்பியபோது நடத்தையும் திரும்பியது. எந்த மருத்துவரும் திட்டமிட்டு நடத்த முடியாத, நடத்தவும் கூடாத சோதனை இது. சிறைப் பயமோ மனந்திருந்தலோ காரணமாக இருந்தால், எல்லாம் சரியாகி வீட்டுக்கு வந்த பிறகு, தலைவலியோடு சேர்ந்து பழைய நடத்தை திரும்பியதை விளக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க 1966 டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத் துப்பாக்கிச் சூட்டை எடுத்துக்கொள்ளலாம். சுட்டவர் தன் மூளையை ஆராய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். பிரேதப் பரிசோதனையில் கட்டி இருந்தது. ஆனாலும் ஆராய்ந்த குழு, அது பங்களித்திருக்கக்கூடும் என்பதைத் தாண்டி உறுதியாக எதுவும் சொல்ல முடியாமல் நின்றது. இறந்தவரிடமிருந்து கட்டியை எடுத்துவிட்டு என்ன மாறுகிறது என்று பார்க்க வழியில்லை.

பொறுப்பு என்ற கேள்வி

1843-இல் இங்கிலாந்தில் எம்நாட்டன் வழக்கை ஒட்டிப் பிறந்த விதி, அறிவை மட்டுமே கேட்கிறது. தான் செய்வது இன்னதென்று தெரிந்ததா? அது தவறென்று தெரிந்ததா? ஆசிரியரின் விடை இரண்டுக்கும் ஆம். அவர் மறைத்ததே சான்று. அந்த விதியின்படி கட்டி எவ்வளவு பெரிதானாலும் அவர் பொறுப்பாளிதான்.

கட்டுப்பாட்டையும் கேட்கும் சட்டங்கள் உண்டு. 1962-இன் அமெரிக்க மாதிரித் தண்டனைச் சட்டம், சட்டத்துக்கு இணங்கத் தன் நடத்தையை அமைத்துக்கொள்ளும் திறன் போதிய அளவு இருந்ததா என்று கேட்டது. வர்ஜீனியாவும் அடக்க முடியாத உந்துதல் என்ற வாதத்துக்கு இடம் தரும் மாநிலம். அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டவர் மனநோய் காரணமாகக் குற்றவாளி இல்லை என்று 1982-இல் தீர்ப்பு வந்ததால் எழுந்த கொந்தளிப்பில், 1984-இல் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்பாடு பற்றிய பகுதியையே நீக்கிவிட்டது. ஆக, ஒரே மூளை, ஒரே செயல், எந்த நீதிமன்றம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

கட்டுப்பாடு இருந்ததா என்று அளக்க வழக்கறிஞர்களிடம் ஒரு பழைய உரைகல் இருக்கிறது: பக்கத்திலேயே காவலர் நின்றிருந்தாலும் இதைச் செய்திருப்பாரா? இந்த நிகழ்வில் அதற்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வீட்டில் ஒளித்துச் செய்தார். எனவே அந்தக் கட்டத்தில் பார்வையாளர் இருந்தால் நிறுத்திக்கொள்ளும் திறன் அவருக்கு இருந்தது. மறுவாழ்வு மையத்திலோ, பிடிபட்டால் சிறை என்று தெரிந்தும் பணியாளர்களிடமே கேட்டார். மருத்துவமனையில், தன்னைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர்களிடமே கேட்டார். அங்கே காவலர் நின்றிருந்தாலும் அப்படித்தான். எங்கள் கணிப்பில் இது முரண்பாடே இல்லை. வளர்ந்துகொண்டிருந்த கட்டி கட்டுப்பாட்டைப் படிப்படியாக அரித்த தடம் இது.

சட்டத்துக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். கேள்வி செயல் நடந்த நாளைப் பற்றியது. ஸ்கேன் எடுத்ததோ குற்றத்தீர்ப்பும் வெளியேற்றமும் எல்லாம் முடிந்த பிறகு. சிறுமியிடம் அத்துமீறிய நாளில் கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அந்தப் படம் சொல்லாது. மறைத்துச் செய்த காலத்தின் செயலுக்கு, மறைக்கக்கூட முடியாமல் போன காலத்தின் படத்தைச் சான்றாக வைத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். உடைப்பதும் நியாயமே.

தண்டனையை நிர்ணயிக்கும்போதும் இனி ஆபத்துண்டா என்று மதிப்பிடும்போதும் மூளைச் சான்றுக்கு இன்னும் வலுவான இடம் உண்டு. சிகிச்சையளிக்கக்கூடிய காரணம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, சிகிச்சைக்குப் பின் நடத்தை மாறியிருக்கிறது, கண்காணிக்க வழி இருக்கிறது. குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்வியைத் தொடாமலே இவை தண்டனையின் வடிவத்தை மாற்றலாம். 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் கொலை வழக்கொன்றில் குற்றம் சாட்டப்பட்டவரின் மூளையில் நீர்ப்பை இருந்தது. மூளையின் எந்த இடம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் படத்தைக் காட்ட நீதிபதி அனுமதித்தார். அத்தகைய நீர்ப்பை வன்முறையை உண்டாக்கும் என்று சாட்சி சொல்ல மட்டும் தடை விதித்தார். வழக்கு குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள்வதில் முடிந்தது. படத்தைக் காட்டுவது வேறு, படத்திலிருந்து காரணம் சொல்வது வேறு என்று அந்த நீதிபதி பிரித்த கோடு இன்றும் பயன்படும்.

கண்குழி மேலிருக்கும் பகுதியில் கட்டியோ காயமோ உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்வதில்லை. மூளைப் புண்ணுக்குப் பின் குற்ற நடத்தை தொடங்கிய 17 பேரை ஒப்பிட்ட 2018 ஆய்வில், புண்கள் மூளையின் வெவ்வேறு இடங்களில் இருந்தன. அவை தொடர்புகொண்டிருந்த வலைப்பின்னல்தான் பொதுவாக இருந்தது. இந்தப் புள்ளி கெட்டால் இந்தக் குற்றம் என்று வரைபடம் போட முடியாது.

தொடராக எழுதும்போது தவறுவது

முதலில் அந்தச் சிவப்பு ஒளி. கட்டியைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் சாம்பல் நிறமானது. படத்தில் வேறுபாட்டைத் துலக்கும் கடோலினியம் என்ற ஊசிமருந்தை ஏற்றி எடுத்தால் இத்தகைய கட்டி வெண்மையாகத் துலங்கும். வண்ணப் படங்கள் வருவது பெட் ஸ்கேனிலும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யிலும். அங்கே நிறம் என்பது கணக்கிட்டு எடுத்த அளவின் குறியீடு. எந்த அளவுக்கு மேல் நிறம் போடுவது என்று ஒருவர் தீர்மானித்திருப்பார். கூண்டில் நிற்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த எல்லையை யார், ஏன் அங்கே வைத்தார்கள் என்பது.

இரண்டாவது, விசாரணையைத் தாங்கும் தகுதியும் குற்றப் பொறுப்பும் ஒன்றாகக் குழப்பப்படுவது. முதலாவது, இன்று இவருக்கு வழக்கு புரிகிறதா, வழக்கறிஞருக்கு உதவ முடிகிறதா என்ற கேள்வி. இரண்டாவது அன்றைய மனநிலை பற்றியது. இரண்டுக்கும் தனித்தனிப் பரிசோதனை, தனித்தனி அறிக்கை.

மூன்றாவது, நடிப்பா என்று சோதிக்கும் பகுதியையே தொடர்கள் விட்டுவிடுகின்றன. நல்ல நாடகம் அங்கேதான் இருக்கிறது. 50 படங்களைக் காட்டிவிட்டு, பார்த்தது எது என்று இரண்டில் ஒன்றைக் காட்டச் சொல்லும் சோதனை உண்டு. பார்க்கக் கடினம் போலத் தோன்றும். மூளைக் காயமுள்ளவர்களில் பலரும் 45-க்கு மேல் வாங்கும் அளவுக்கு எளிது. குருட்டாம்போக்கில் காட்டினாலே 25 வரும். ஒருவர் 12 வாங்கினால், சரியான விடை தெரிந்து அதைத் தவிர்த்திருக்கிறார் என்று பொருள்.

மாற வேண்டியவை

நடத்தை முதன்முறையாக நடுவயதில் மாறியிருந்தால், நோயறிதல் எழுதும் முன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சி.டி. ஸ்கேனோடு நிறுத்தக்கூடாது. மண்டையோட்டின் அடித்தளத்தில் எலும்பு தடிமனாக இருப்பதால் அங்கே சி.டி. படத்தில் கோடுகள் விழுந்து மென்திசு மறைந்துபோகும். முன்னிருந்து பின்னாக வெட்டிய குறுக்குத் துண்டுகளில், கடோலினியத்தோடு பார்ப்பதே சரி.

மோப்பத்தைச் சோதிக்க வேண்டும். மோப்ப நரம்பு கண்குழி மேலிருக்கும் அந்த மூளைப் பகுதியின் அடியிலேயே ஓடுகிறது. ஒரு மூக்குத் துளையை அடைத்துக்கொண்டு காப்பித்தூளை முகரச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். பரபரப்பான பிரிவுகளில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

நாள்வரிசைத் தாள் ஒன்று வழக்கின் தொடக்கத்திலேயே போடப்பட வேண்டும். இடப் பத்தியில் தேதி. நடுவில் நடத்தை, அதைப் பார்த்தவர் யார் என்ற குறிப்போடு. வலப் பத்தியில் உடல் அறிகுறிகள், மருந்துகள், பரிசோதனைகள். நடத்தைப் பத்தியில் குற்றம் சாட்டப்பட்டவர் தானே சொன்னதை மட்டும் வைத்து ஒரு வரியும் எழுதக்கூடாது; மனைவி, சக ஆசிரியர், கணினிக் கோப்பின் தேதி, கடனட்டைச் சீட்டு என்று வெளிச் சான்று வேண்டும். கையெழுத்தின் பழைய மாதிரிகளைத் தேடி வைப்பது நல்லது. இவரைப் போன்ற ஆசிரியருக்கு அது எளிது: திருத்திய விடைத்தாள்கள் ஆண்டுவாரியாகக் கிடைத்தால், எழுத்து எந்த மாதத்தில் குலையத் தொடங்கியது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். செயல் நடந்த நாளுக்கும் ஸ்கேன் எடுத்த நாளுக்கும் இடையிலுள்ள ஓட்டையை அடைக்க இதைவிட நல்ல பொருள் வேறில்லை.

மறுவாழ்வு மையங்களில், சிறை உறுதி என்று தெரிந்தும் வெளிப்படையாக விதியை மீறுபவரை வெளியேற்றும் முன் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது விதியாக வேண்டும். அந்த மீறல் பிடிவாதமாக இருக்கலாம். தடுப்பு அறுந்துபோனதாகவும் இருக்கலாம்.

வீடு திரும்புவது பற்றிய முடிவு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். கட்டியின் வகை திரும்ப வளரக்கூடியது என்று ஆய்வக அறிக்கையிலேயே தெரிந்திருக்கும்போது, இன்று ஆபத்தில்லை என்ற மதிப்பீட்டுக்கு அடுத்த ஸ்கேன் வரைதான் ஆயுள். சிறுமி வாழும் வீட்டுக்கு அவர் திரும்புவது, முன்கூட்டியே குறித்த தேதிகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு நீண்ட இடைவெளியிலும், வாழ்நாள் முழுதும். தேதி தவறினால் அவர் வீட்டைவிட்டு வெளியே தங்க வேண்டும். ஸ்கேனுக்காகக் குழந்தை காத்திருக்கக்கூடாது.

மனைவியின் கையில் ஒரு பக்கத் தாள் கொடுக்கப்பட வேண்டும். எதைக் கண்டால் அன்றே அழைக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். முதல் வரி: இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் தலைவலி. இரண்டாவது வரி: அறைக் கதவையோ கணினியையோ அவர் மறுபடி பூட்டத் தொடங்குவது.